பழைய வண்டி உதறுகிறதா? இன்ஜினை இறக்குவதற்கு முன் நிதானியுங்கள்

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலரும் ஓட்டுவது பழைய வண்டிதான். புது வண்டிக்குத் தவணை கட்டி மாளாது என்று, வேறொருவர் ஐந்தாறு வருடம் ஓட்டி விற்ற குட்டி யானையையோ, தோஸ்த்தையோ, ஆம்னி வேனையோ வாங்கி ஓட்டுகிறோம். இதில் தவறு ஒன்றும் இல்லை. மளிகை வியாபாரத்தில் நிற்கிற லாபத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் அப்படி வாங்கிய வண்டி, கடை வாசலில் நின்றுகொண்டு இன்ஜின் மட்டும் ஓடும்போது உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தால் நாம் என்ன செய்கிறோம்? அதைப் பற்றித்தான் இந்த இதழில் நம் வியாபாரிகளிடம் சில வார்த்தை பேச விரும்புகிறோம்.

பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. வண்டி ஓட்டும் தம்பி, "அண்ணாச்சி, வண்டி உதறுது" என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பார். நாம் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டோம். "ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்போம். இல்லாவிட்டால் ஒரு நாள் திடீரென்று பயந்து, முதலில் கண்ணில் பட்ட பட்டறையில் வண்டியை விட்டு, "என்னவோ பார்த்துச் செய்யுங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவோம். மறுநாள் போன் வரும்: "இன்ஜினை இறக்கணும்."

இந்த இரண்டாவது வழிதான் நம் பணத்தை அதிகம் தின்கிறது. ஒரு சிப்பம் அரிசியில் கூலி, வாடகை எல்லாம் போக 30 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் வேலைக்கு 30 ஆயிரம் ரூபாய் கேட்டால், அதைச் சம்பாதிக்க ஆயிரம் சிப்பம் விற்றாக வேண்டும். குட்டி யானையின் பாரம் முக்கால் டன். அதாவது 25 கிலோ சிப்பம் முப்பது. ஆயிரம் சிப்பத்துக்கு 33 நடைக்கு மேல் ஆகிறது. அத்தனை நடையும் யாருக்காக ஓட்டினோம்? பட்டறைக்காக. வேலை உண்மையிலேயே தேவைப்பட்டது என்றால் கொடுக்கத்தான் வேண்டும். பழைய வண்டி என்றால் ஒரு நாள் இன்ஜின் வேலை வரத்தான் செய்யும். ஆனால் இருபது ரூபாய் வாஷரில் தீர வேண்டிய கோளாறுக்கு இன்ஜினைப் பிரித்துப் போடுவது நியாயமா?

நாம் மெக்கானிக் அல்ல, மொத்த வியாபாரி. ஆனாலும் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிய காலத்திலிருந்து மேட்டடார், 407, குட்டி யானை வரை பார்த்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். உதறலுக்குக் காரணம் தேடும்போது விலை குறைந்ததையும், கழற்றாமல் பார்க்கக்கூடியதையும் முதலில் பார்க்க வேண்டும். விலை கூடியதைக் கடைசியில் பார்க்க வேண்டும். பட்டறையில் இந்த வரிசை தலைகீழாகப் போனால், "தம்பி, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லும் அளவுக்காவது நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

குட்டி யானையின் குணம்

நம் வண்டிகளில் எண்ணிக்கையில் அதிகம் குட்டி யானை என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். டாடா ஏஸ் 2005 மே மாதம் சந்தைக்கு வந்தது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைச் சக்தி. 1998இல் வந்த டாடா இண்டிகா காரில் இருந்தது 1,405 சி.சி., நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். அதைப் பாதியாக்கி வைத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. விலை குறைவாக, சந்துக்குள் நுழைகிற மாதிரி, நான்கு சக்கரத்தில் ஒரு வண்டி நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது அந்தப் பாதி இன்ஜினால்தான்.

ஆனால் பாதி இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. ஐட்லிங்கில் (ஸ்லோ என்று பட்டறையில் சொல்வார்கள்) நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் 450 தடவை எரிகிறது. நான்கு சிலிண்டர் வண்டியில் மொத்தம் 1,800 தடவை எரியும். அங்கே ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் மற்ற மூன்று தாங்கிக்கொள்ளும். குட்டி யானையில் மொத்தமே 900 தடவைதான். அதில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் பாதி போச்சு. வண்டி தறி ஆடுவது போல் ஆடும்.

எனவே புதுசாக இருந்தாலும் குட்டி யானை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அது நோய் அல்ல. நேற்று வரை இல்லாத ஆட்டம் இன்று வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் தினமும் அந்த இருக்கையில் உட்காருபவர்தான். ஓட்டுநரைக் கேட்காமல் எந்தப் பட்டறைக்கும் வண்டியை அனுப்பாதீர்கள். அவரிடம் நாம் கேட்க வேண்டியது சில கேள்விகள்தான். காலையில் முதல் தடவை கிளப்பும்போது மட்டும் உதறுகிறதா, சூடான பிறகும் உதறுகிறதா? ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் உதறல் அடங்குகிறதா? புகை என்ன நிறம்? எங்கே டீசல் போட்ட பிறகு ஆரம்பித்தது? வண்டி எப்படிப்பட்ட இடத்தில் நின்றது?

கடைசிக் கேள்வியை நாம் சும்மா சேர்க்கவில்லை. நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். மளிகைக் கடைக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், பழைய குட்டி யானை ஒன்றை வாங்கினார். பகலெல்லாம் வண்டி ஒழுங்காக ஓடும். காலையில் மட்டும் செல்ஃப் அடித்து அடித்து ஓய்ந்து, கிளம்பினால் ஐந்து நிமிடம் உதறித் தள்ளும். ஒரு பட்டறையில் காட்டினார். கம்ப்ரெஷன் போய்விட்டது, ரிங் மாற்றணும், இன்ஜினை இறக்கணும் என்றார்கள். அவர் பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த சமயத்தில், டீசல் பம்ப் வேலை தெரிந்த ஒருவர் கடைக்குச் சாமான் வாங்க வந்திருக்கிறார். வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்று கேட்டார். கிடங்கு வாசலில், சரிவில், மூக்கு மேலே பார்த்து நிற்கும் என்றார் கடைக்காரர். "இன்றைக்கு ஒரு ராத்திரி சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள்" என்றார் வந்தவர். மறுநாள் காலை வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. உதறலும் இல்லை.

விஷயம் இதுதான். டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு டீசல் வரும் வழி, இன்ஜின் உறிஞ்சும் வழி. அந்த வழியில் ஒரு காப்பர் வாஷரோ, ரப்பர் குழாயோ தளர்ந்திருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். வெளியே ஈரம் தெரியாததால் யாரும் அங்கே சந்தேகப்படுவதில்லை. சரிவில் மூக்கு மேலே பார்த்து நிற்கும்போது, குழாயில் உள்ள டீசல் ராத்திரி முழுக்க டேங்க்கை நோக்கி இறங்கிவிடும். அந்த இடத்தில் காற்று நிற்கும். காலையில் அந்தக் காற்று போய்ச் சேரும் வரை உதறல். நம் நண்பர் வண்டியில் டீசல் ஃபில்டரின் மேல் இருந்த வாஷர்கள் நசுங்கித் தேய்ந்து போயிருந்தன. அவற்றை மாற்றி, பழைய ரப்பர் குழாய் ஒன்றையும் மாற்றினார்கள். அத்தோடு சரி. சந்தேகம் தீர வேண்டுமானால் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிட்டால், காற்றுக் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குச் சமதளம் கிடைப்பதே அபூர்வம். வெள்ளிமலைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஏறும்போது மூக்கு மேலே, கடை வாசலில் நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்வு, இறங்கும்போது கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து வரவேண்டியது. சமவெளியில் ஓடும் வண்டியில் வெளியே தெரியாத சின்னக் கோளாறு இங்கே உடனே முகம் காட்டும்.

எதை முதலில் பார்ப்பது?

டீசல் ஃபில்டரையும் அதன் அடியில் தேங்கும் தண்ணீரையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபில்டரின் அடியில் தண்ணீர் இறக்க ஒரு திருகு இருக்கும். அதைத் திறந்து வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். எண்ணெயில் கலப்படம் பார்க்கத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தை அல்ல. மலை ஊர்களில் கேனில் வாங்கி வைத்த டீசலை வடிகட்டாமல் ஊற்றுகிறவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும். கேன் முன்பு எதற்குப் பயன்பட்டதோ, யாருக்குத் தெரியும்? ஃபில்டரை மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்று எந்தக் கணக்கிலும் இல்லை என்றால், மாற்றிவிடுவதே நல்லது. ஏர் ஃபில்டரையும் அப்போதே கழற்றித் தட்டிப் பாருங்கள். தவிடும் மாவும் பறக்கிற கடைவீதியில் நிற்கும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அடுத்து இன்ஜின் மவுண்டிங் ரப்பர். இன்ஜின் சரியாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதைத் தாங்கும் ரப்பர் தேய்ந்து இரும்பு இரும்போடு மோதும். ஆட்டம் முழுவதும் இருக்கைக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க நம் பில் புக்கில் கிழித்த ஒரு துண்டுத் தாள் போதும். இன்ஜின் ஓடும்போது சைலன்சர் வாய்க்கு எதிரே ஒரு சாண் தள்ளித் தாளைப் பிடித்துப் பாருங்கள் (குழாயில் கை படாமல்). தாள் ஒரே தாளத்தில் அடித்தால் இரண்டு சிலிண்டரும் எரிகின்றன. ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர். இடையிடையே ஒரு அடி தவறினால் ஏதோ ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிகிறது. கோளாறு இன்ஜினுக்குள்ளோ, டீசல் வழியிலோ இருக்கிறது.

காலையில் மட்டும் உதறி, வெள்ளைப் புகை விட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போலத் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் எரிகிறது. ஆறிய இன்ஜினில், அதுவும் மார்கழிப் பனியில், அந்தச் சூடு போதாது. அதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். இரண்டில் ஒன்று எரிந்து போயிருந்தால் அந்தச் சிலிண்டர் சூடேறும் வரை டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வரும். ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது எலெக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை. இதைப் பார்க்காமலே இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

புகையின் நிறத்தை நம் வியாபாரிகள் கவனிப்பதே இல்லை. கரும்புகை என்றால் டீசல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. நாசில் சரியாகத் தூவாமல் சொட்டினாலும் கரும்புகைதான். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சமாச்சாரம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, கூடவே ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது என்றால் ஹெட் கேஸ்கட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் இல்லாமல் மலை ஏறிச் சூடாகிய வண்டிகளில் இது சகஜம். அதோடு ஓட்டக் கூடாது. உடனே நிறுத்த வேண்டும்.

சூடான பிறகும் உதறுகிறது, டீசலில் தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை என்றால் அப்போதுதான் நாசிலுக்குப் போக வேண்டும். பழைய வகைப் பம்ப் உள்ள வண்டிகளில் மெக்கானிக் ஒரு சோதனை செய்வார். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்துவார். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் சத்தம் மாறி, உதறல் இன்னும் கூடும். எதைத் தளர்த்தினாலும் ஒரு மாற்றமும் இல்லையோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். இதை நாமோ, கடைப் பையனோ செய்து பார்க்கக் கூடாது. அந்தக் குழாயில் வரும் டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிற்காலத்தில் வந்த காமன் ரயில் வண்டிகளில் இந்தச் சோதனையை மெக்கானிக்கும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும்.

எந்தச் சிலிண்டர் என்று தெரிந்தால், அந்த நாசிலை மட்டும் கழற்றி டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் டெஸ்ட் பெஞ்சில் வைத்துத் தூவிப் பார்க்கலாம். இந்தக் கடைகளை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மைக்கோ கடை என்றுதான் சொல்கிறார்கள். 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பம்ப்பும் நாசிலும்தான் அந்தக் காலத்தில் லாரிக்கு லாரி இருந்தன. கம்பெனியின் பெயர் 2008இல் பாஷ் என்று மாறிவிட்டது. நம் வாயில் மாறவில்லை. சேலம் போன்ற ஊர்களில் இந்த வேலையை மட்டுமே தலைமுறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாசில் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் டேப்பட் இடைவெளி, கம்ப்ரெஷன் என்று இன்ஜினுக்குள் போக வேண்டும். கம்ப்ரெஷனையும் வாயால் சொன்னால் போதாது. கேஜ் போட்டு, இரண்டு சிலிண்டரின் அளவையும் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எடை போட்டுக் காட்டாமல் நாம் ஒரு கிலோ துவரம்பருப்பு விற்றால் வாடிக்கையாளர் விடுவாரா?

தோஸ்த் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் வந்தது. மூன்று சிலிண்டர், காமன் ரயில். இதிலும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளிலும் கம்ப்யூட்டர்தான் டீசலை அளந்து கொடுக்கிறது. உதறினால் முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். எந்தச் சிலிண்டர் மந்தம் என்று பெரும்பாலும் அதுவே காட்டிக் கொடுக்கும். இ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டியில் அது கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டாலும் ஐட்லிங்கில் உதறலும் கரும்புகையும் வரும். கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். அதை அடைத்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது புகை விதிக்கு விரோதம்.

ஆம்னி வேன் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. 796 சி.சி., மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. 2019இல் தயாரிப்பே நின்றுவிட்டது, ஆகவே இனி எல்லாமே பழைய வண்டிதான். இதில் உதறலுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக், பிளக் வயர், பழைய கார்புரேட்டர் வண்டியானால் ஸ்லோ ஜெட் அடைப்பு, இல்லாவிட்டால் காற்று இழுக்கும் ஏதோ ஒரு வெடித்த ரப்பர் குழாய். எல்லாமே சில்லறை வேலை. சமையல் சிலிண்டரை மாட்டி ஓட்டுகிற வேன் விலை மலிவாக வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், எண்ணெய் டின்னும் தீப்பெட்டிக் கட்டும் ஏற்றுகிற வண்டியில் அதைப் போய் வைப்பார்களா?

ஸ்லோ ஸ்குரூவைத் திருகுகிற வைத்தியம்

நாம் மிகவும் வெறுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. உதறும் வண்டியைக் கொண்டுபோனதும், சில இடங்களில் ஸ்பேனரை எடுத்து ஸ்லோ ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருகிவிடுவார்கள். இன்ஜின் வேகம் கூடும், உதறல் மறையும். "சரியாப் போச்சு அண்ணே" என்று இருநூறு ரூபாய் வாங்கிக்கொள்வார்கள். நமக்கும் சந்தோஷம். உண்மையில் எதுவும் சரியாகவில்லை. சிலிண்டர் அப்படியே படுத்துக் கிடக்கிறது. சத்தத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். கடைக்குக் கடை நின்று சரக்கு இறக்கும் வண்டி அதிக வேகத்தில் சும்மா ஓடிக்கொண்டிருப்பதால் டீசல் வீணாகிறது. சொட்டுகிற நாசில் தொடர்ந்து சொட்டி, எரியாத டீசல் ஆயிலில் கலந்து, ஆயில் நீர்த்துப்போய், பிறகு உண்மையாகவே இன்ஜினை இறக்கும் நாள் வரும். ஸ்லோவைக் கூட்டச் சொல்லி நாமே கேட்பதும் உண்டு. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு செய்ய வேண்டிய வேலை அது. சரக்கு இறக்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்துவிடும் வழக்கத்தையும் ஓட்டுநர்களுக்குப் பழக்கினால் நல்லது.

இதே ஸ்குரூதான் பழைய வண்டி விற்பவருக்கும் கை கொடுக்கிறது. வாங்கப் போகிறவர் வருவதற்கு அரை மணி முன்பே வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி, ஸ்லோவைச் சற்றுக் கூட்டி வைத்திருப்பார். வண்டி பூப்போல ஓடும். ஆகவே வண்டி பார்க்கப் போகும் நம்மவர்கள், காலையில் முதல் ஆளாகப் போங்கள். "நாங்கள் வரும் வரை கிளப்ப வேண்டாம்" என்று முன்னாடியே சொல்லுங்கள். போனதும் பேச்சுக்கு முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், மறுநாள் போகலாம். ஆறிய இன்ஜினில் முதல் செல்ஃப், முதல் ஐந்து நிமிடப் புகை, அதுதான் வண்டியின் ஜாதகம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது, விலையை அதற்குத் தக்கபடி பேசலாம், அல்லது விட்டுவிடலாம். மற்றதெல்லாம் அழுக்காக இருக்க மவுண்டிங் ரப்பர் மட்டும் புதுசாகப் பளபளத்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

வண்டியின் வயதையும் பார்க்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். 15 வயது கடந்த வண்டிக்கான எஃப்.சி. கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தியது. எனவே 2005, 2006 மாடல் குட்டி யானை மலிவாக வருகிறது என்று பாய்ந்து வாங்குவதற்கு முன், இந்தச் செலவையும் வாங்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்த வயதில் உதறலைச் சரி செய்ய எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும்.

நம்மில் யாரும் கடன் நோட்டு இல்லாமல் கடை நடத்துவதில்லை. வண்டிக்கு மட்டும் நோட்டு கிடையாது. பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றை வண்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். டீசல் போட்ட தேதி, கிலோமீட்டர், ஃபில்டர் மாற்றிய நாள், ஆயில் மாற்றிய நாள், எந்த நாசில் எப்போது பார்த்தது, அவ்வளவுதான். உதறல் வந்த அன்று பட்டறைக்காரரிடம் அந்த நோட்டை நீட்டினால் அவர் பேசும் தோரணையே வேறாக இருக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனையையும் வைக்கிறோம். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டம் ஆன பிறகு நம் பகுதியில் கடைகள் பெருகியிருக்கின்றன, வண்டிகளும் பெருகியிருக்கின்றன. தீபாவளிச் சரக்கு ஏற்றம் தொடங்குவதற்கு முன், நாசில் டெஸ்ட் கருவியும், கம்ப்ரெஷன் கேஜும், ஸ்கேனரும் உள்ள ஒரு டீசல் மெக்கானிக்கை ஒரு நாள் கூலிக்கு அமர்த்தி, உறுப்பினர்களின் பழைய வண்டிகளை ஒரே இடத்தில் பார்க்க வைக்கலாம். பார்ப்பதற்கு மட்டும்தான் கூலி. பழுது பார்க்கும் வேலை அவருக்குக் கிடையாது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். வேலை கிடைக்காது என்று தெரிந்தவருக்கு இல்லாத கோளாறைச் சொல்ல ஆசை வராது. என்ன கோளாறு என்று அவர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, அவரவர் நம்புகிற பட்டறைக்கு அவரவர் போகட்டும். மே 5 வணிகர் தினத்தன்று கடைகள் அடைத்திருக்கும், அன்றே வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். மாநாட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்கள்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை, அவை அன்று ஊரில் இருக்காது. ஆகவே ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும்.

இடம், கூலி பற்றிச் செயற்குழு பேசி முடிவு செய்யட்டும். ஒரு நிபந்தனை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறோம். வண்டிகளை முதல் நாள் இரவே கொண்டுவந்து சமதளத்தில் வரிசையாக நிறுத்தி, சாவியைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். மெக்கானிக் வந்து கை வைக்கும் வரை காலையில் யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது.